ஒரு கூடைகூட வெளிய போகல

வாம்மா, மேல ஏறி வா. அந்தப் பூட்டையே பாத்துக்கிட்டு எதுக்கு வெயில்ல நிக்கற? சாவி புரோக்கர் ரங்கநாதன்கிட்ட இருக்கு. அந்த ஆளு இதோ வந்துட்டேன்னு சொன்னா இன்னும் வீட்ட விட்டே கெளம்பலன்னு அர்த்தம். படி பாத்து ஏறு, கொஞ்சம் உசரம். வர்றவங்க எல்லாம் மூச்சு வாங்கிக்கிட்டே கேப்பாங்க, என்னங்க மலைக்கோயில் மாதிரி கட்டியிருக்கீங்கன்னு. உசரமா இருக்கணும்னுதானே கட்டினது! உக்காரு. காபி குடிப்பல்ல? ஏங்க, ஒரு டம்ளர் சேத்துப் போடுங்க! அவருதான் போடுவாரு. ரிட்டயர் ஆனதுலேருந்து அடுப்படி அவரு பொறுப்பு. எனக்கும் ஒண்ணும் கஷ்டமில்ல.

பக்கத்து வீடு பாக்க வந்திருக்க. அது என் தம்பி வீடு. தணிகாசலம்னு பேரு. நான் தேவசேனா. எங்கப்பா முருக பக்தர்னு தனியா சொல்லணுமா என்ன? கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான். அப்பா வாங்கின மனை, ரெண்டாப் பிரிச்சு ஆளுக்குப் பாதி. நான் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சரா இருந்தவ. எனக்கு மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு கெடையாது. அதனால முதல்லயே உள்ளத சொல்லிடறேன். அந்த வீட்ல மழைக்குத் தண்ணி வரும். லேசாக் கால நனைக்கற மாதிரின்னு நெனச்சுக்காத. கட்டில் மெதக்கும்.

போன வாரம் ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க, அவங்ககிட்டயும் சொன்னேன். அதுக்கு முன்ன ஒரு பேங்க்காரரு. கையில மஞ்சப்பையோட அட்வான்ஸ் குடுக்கவே வந்துட்டாரு மனுஷன். அவரையும் இதோ இந்த நாற்காலியிலதான் உக்கார வெச்சு சொன்னேன். ரங்கநாதன் என்னப் பாத்தாலே பல்லக் கடிக்கறான். "அக்கா, நீங்க வாயத் தெறக்காம இருந்தா வீடு எப்பவோ முடிஞ்சிருக்கும்"ங்கறான். நான் என்ன பொய்யா சொல்றேன்? நாளைக்கு நீ புள்ள குட்டியோட வந்து மாட்டிக்கிட்டு, பக்கத்து வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லலையேன்னு என்னத்தான திட்டுவ?

ஏன் வருதுன்னு கேக்கற. எல்லாரும் கேக்கறதுதான். சொல்றேன், ஆனா முதல்லேருந்து சொன்னாத்தான் நியாயம் புரியும்.

நீ வர்ற வழியில ஏரி இருந்துச்சே, பாத்தியா? எங்க பாத்திருக்கப் போற! இப்ப ரோட்லேருந்து பாத்தா குப்பைமேடுதான் தெரியும். ஊர்ல ஒவ்வொரு தெருவுலயும் பழைய வீட்ட இடிச்சு அடுக்குமாடி கட்டறானுங்கல்ல, அந்த இடிச்ச செங்கல், காரை, ஒடஞ்ச டைல்ஸ், பாத்ரூம் பீங்கான் எல்லாத்துக்கும் மொத்தமா ரப்பீஸ்னு பேரு. அத டிப்பர் லாரியில அள்ளிக்கிட்டு வந்து ஏரியோரம் கவுத்துட்டுப் போயிடுவானுங்க. நான் தெனமும் கரையில நடக்கறவ. என் கண்ணு முன்னாடியே ஏரி சுருங்கிக்கிட்டு வருதும்மா. எனக்கு வயிறு எரியாதா?

ஒரு நாள் பொறுக்கல. காலையில ஆறரை ஏழு இருக்கும், லாரி ரிவர்ஸ்ல வருது, நான் போய் பின்னாடி நின்னுட்டேன். விசில் அடிச்சுப் பழகின வாயாச்சே, நான் போட்ட சத்தத்துல நடக்க வந்தவங்க எல்லாம் கூடிட்டாங்க. டிரைவர் எறங்கி வந்தான். சின்ன வயசுதான், ஆனா என்ன திமிர்! "ஏம்மா, உங்க வீட்ட இடிச்சப்ப ரப்பீஸ எங்க கொட்டினீங்க? பூஜை ரூம்லயா?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எனக்கு அப்படியே ரத்தம் கொதிச்சுது. "நான் இன்னும் இடிக்கலடா. இடிக்கறப்ப வந்து பாரு. ஒரு கூடை, ஒரே ஒரு கூடை இந்த ஏரிக்கு வந்துச்சுன்னா என் பேர மாத்திக்கறேன்"னேன். அத்தன பேரும் கை தட்டினாங்க. லாரி திரும்பிப் போச்சு. அடுத்த நாள் வந்து கொட்டியிருப்பான், அது வேற விஷயம். ஆனா சொன்ன வார்த்தை சொன்னதுதானே?

அந்த வருஷமே வீடு கட்ட ஆரம்பிச்சோம். என் பாதியில அப்பா கட்டின பழைய வீடு, அத இடிக்கணும். பச்சையப்பன் மேஸ்திரி வந்து எடுத்த எடுப்புலயே, "லாரிக்கு சொல்லிடட்டுங்களா"ன்னான். லாரிங்கற பேச்சே இங்க கூடாதுன்னுட்டேன். கதவு, ஜன்னல் எல்லாம் அப்படியே கழட்டி வெச்சு புது வீட்டுக்கு மாட்டினோம். நீ சாஞ்சிருக்கற தூண்கூட பழசுதான். முழுச் செங்கல்ல ஒட்டின காரைய கொத்தி எடுத்து காம்பவுண்ட் சுவரு. ஒடஞ்ச செங்கல்ல ஜல்லியாக்கி மொட்டை மாடித் தளம். மிச்சம் மண்ணு, காரை எல்லாம் பேஸ்மென்ட்டுக்கு. வீடு இவ்ளோ உசரம் வந்தது அப்படித்தான். வெளிய காசு குடுத்து ஒரு லோடு மண்ணு வாங்கல நான். பச்சையப்பனே அசந்துட்டான்.

இதுல தெருவே என்னப் பாத்து மாற ஆரம்பிச்சுது. எதுத்த வீட்ல பாத்ரூம் மாத்தினாங்க, கோடி வீட்ல மாடிப்படி இடிச்சாங்க. அவங்க ரப்பீஸ் எல்லாம் எங்க போகும்? ஏரிக்குத்தானே? விடுவனா? வாசல்ல போர்டு தொங்க விட்டேன், "ரப்பீஸ் இங்கே கொட்டவும்"னு. நம்ம ஏரியாவுக்கு ஓசியில ஒரு பேப்பர் வரும் பாரு, அதுல என் போட்டோவே வந்துச்சு. நான் கூடையோட நிக்கறேன், பக்கத்துல தணிகா மம்மட்டியோட சிரிச்சுக்கிட்டு நிக்கறான். அவனும்தான் அள்ளிப் போட்டான்மா! சும்மா சொல்லக்கூடாது, லீவு நாள்ல எல்லாம் வந்து அக்காவுக்காக வேர்க்க வேர்க்க அள்ளினான்.

எல்லாம் எங்க கொட்டினோமா? பின்னாடிதான். பின்பக்கம் ஒரு பள்ளம் இருந்துச்சு. அப்பா வீடு கட்டறப்ப பேஸ்மென்ட்டுக்கு மண்ணு தோண்டின எடம், அப்படியே விட்டுட்டாரு. ரெண்டு வீட்டு மழைத்தண்ணியும் அதுல போய் நிக்கும். தவளை கத்தும், கொசு மொய்க்கும். அது என் பங்குலதான் இருக்கு, பத்திரத்த வேணா காட்டறேன். அத மேடாக்கி, திமிசுக்கட்டையால இடிச்சு, மேல மண்ணு போட்டு மல்லிகை வெச்சேன். எட்டிப் பாரு, பின்னாடி எவ்ளோ பூத்திருக்கு!

தணிகா அப்ப ஒரு தடவ சொன்னான், இல்லன்னு சொல்லல. "அக்கா, என் வீட்டுத் தண்ணி அதுலதானே எறங்குது. ஓரமா ஒரு கால்வாயாவது விட்டுட்டு மூடு"ன்னான். பாத்துக்கலாம்டான்னேன். ஆனா கால்வாய் விட்டா அங்க இருக்கற ரப்பீஸ எங்க போடறது? பள்ளம் நெறைய நெறைய வந்துக்கிட்டே இருக்கே. அவனும் அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல. அவன் அப்படித்தான், ஒரு தடவைதான் சொல்லுவான். சின்ன வயசுலேருந்தே அப்படி. பசிக்குதுன்னுகூட ரெண்டாந்தடவ கேக்க மாட்டான். நாமளா பாத்துப் போடணும்.

போன ஐப்பசி கடைசியில புடிச்சுது பாரு மழை. விடாம ஊத்துது. ரோட்டுத் தண்ணி ஒரு பக்கம், என் மாடித் தண்ணி, என் வாசல் தண்ணி எல்லாம் சரிஞ்சு அந்தப் பக்கம். பின்கதவு வழியா அவன் வீட்டுக்குள்ள பூந்துடுச்சு. அவன் பொண்டாட்டி பத்மினி துணி தைக்கறவ. கார்த்திகை முகூர்த்தத்துக்குக் குடுத்த ஜாக்கெட்டு, பட்டுப்பாவாடை எல்லாம் ரப்பீஸ் தண்ணியில ஊறிப்போச்சு. மெஷின் மோட்டார் போச்சு. அவ அம்மா எழுந்து நடக்க முடியாத கெழவி, கட்டிலோட தூக்கிக்கிட்டு வந்தாங்க. எங்க வந்தாங்க சொல்லு? இங்கதான்! இந்த ஹால்லதான் எல்லாரும் படுத்தாங்க. வேளாவேளைக்கு சுடச்சுட சோறு, ரசம், கெழவிக்கு கஞ்சி. ஒரு முகம் சுளிக்கல நான். என் வீடு உசரமா இருந்ததாலதானே அத்தன பேருக்கும் தலைக்கு மேல ஒரு கூரை இருந்துச்சு?

அதத்தான்மா சொன்னேன் அவன்கிட்ட. சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். "பாத்தியாடா, நான் ஒசத்திக் கட்டினது எவ்ளோ நல்லதாப் போச்சு! இல்லன்னா இப்ப எங்க போயிருப்பீங்க?"ன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன். பத்மினி தட்ட எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டா. இவன் கை கழுவிட்டு, கொட்டற மழையில கடப்பாரையத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி போனான்.

மல்லிகைச் செடிய ஓரமா எடுத்து வெச்சுட்டு குத்த ஆரம்பிச்சான். செடிய ஒடிக்கல, பதவிசா வேரோட எடுத்து வெச்சான். நான் கொடைய புடிச்சுக்கிட்டு ஓடினேன். "என்னடா பண்ற"ன்னேன். "பள்ளத்தத் தோண்டறேன். தண்ணி வடியட்டும்"ங்கறான். "தோண்டி எடுக்கறத எங்கடா கொட்டுவ? லாரியக் கூப்பிட்டு ஏரியில கொட்டச் சொல்லுவியா? ஊரே என்னப் பாத்து சிரிக்கறதுக்கா? ஒரு கூடை போகாதுன்னு அத்தன பேர் முன்னாடி சொன்னவடா நான்!"னு கத்தினேன்.

அப்படியே நின்னான். தலையிலேருந்து தண்ணி ஒழுகுது. "அக்கா, ஏரி நெறைஞ்சுடக் கூடாதுன்னு லாரிக்குக் குறுக்க நின்னல்ல. என் வீடு நெறையுதே, அது உனக்குத் தெரியலையா?"ன்னான். சத்தமாக்கூட சொல்லல. கடப்பாரைய செவுத்துல சாத்தி வெச்சுட்டு உள்ள போய் தலை தொவட்டிக்கிட்டான். அவ்ளோதான்.

என்ன பேச்சு பாத்தியா அது? ஏரியும் அவன் வீடும் ஒண்ணா? ஏரி ஊருக்குப் பொது. எனக்கு மனசு விட்டுப்போச்சு. சோறு போட்டவளப் பாத்துக் கேக்கற கேள்வியா இது? இவர்கிட்ட சொல்லி அழுதேன். இவரு என்னைக்கு எனக்காகப் பேசியிருக்காரு? "அவன் கேட்டதுல என்ன தப்பு"ன்னு பேப்பருக்குள்ள பூந்துக்கிட்டாரு.

மழை விட்டு தண்ணி வடிஞ்சுது, அவங்களும் அந்த வீட்டுக்கே திரும்பிப் போனாங்க. மார்கழியில ஒரு நாள் வாசல்ல வண்டி நிக்குது. கட்டில், மெஷின், கெழவி எல்லாம் ஏத்தறாங்க. தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் வாடகைக்குப் போறாங்களாம். எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. நானும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். போறேன்னு அவன் சொல்லட்டும், போகாதடான்னு சொல்லலாம்னு நின்னேன். அவன் சொல்லல. வண்டி போயிடுச்சு.

தை பொறந்துச்சு. எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து பொங்கல் சீர் நின்னதே இல்லம்மா. அப்பா இருந்த வரைக்கும் அப்பா, அப்புறம் தணிகா. கரும்பு, மஞ்சக்கொத்து, வெல்லம், பச்சரிசி, ஒரு பொடவை. பக்கத்து வீடுதானே, கையில எடுத்துக்கிட்டு வந்து குடுத்துட்டுப் போகலாம். அப்படிக் குடுக்க மாட்டான். தட்டுல வெச்சு, பொண்டாட்டியோட, ரோட்டுப் பக்கமா சுத்தி வந்து வாசப்படி ஏறித்தான் குடுப்பான். பொறந்த வீட்டு சீர்னா அது நாலு பேர் பாக்க வரணும்பான். இந்தப் பொங்கலுக்கு வாசல் கதவ நான் சாத்தவே இல்ல. காணும் பொங்கல் அன்னைக்கும் சாத்தல. நாய்தான் வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு.

இவரு சொன்னாரு, நீ ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்னு. எப்படிம்மா போறது? சீர் ஏன் கொண்டாரலன்னு வாசல்ல போய் நின்னு கேக்கறதா? பொறந்தவனுக்கே தோணணும். போன் பண்ணிப் பாத்தேன். அடிக்குது, எடுக்க மாட்டேங்கறான். அப்புறம் ஒரு நாள் ரங்கநாதன் வந்து பூட்டக் குலுக்கிக்கிட்டு நிக்கறான், என்னய்யான்னா வீடு விக்கறாங்கன்னான். அத வித்துட்டா அவனுக்கு இந்தத் தெருவுல என்ன வேலை? எதுக்கு வருவான்? பூட்டிக் கெடந்தாலும் அது தணிகா வீடுதானே. வெள்ளை அடிக்கவாவது ஒரு நாள் வருவான்ல.

அதுக்காக வர்றவங்களத் தொரத்தறேன்னு நெனச்சுக்காதம்மா. அது வேற, இது வேற. தண்ணி வர்றது நெஜம், நான் சொல்றேன், அவ்ளோதான்.

இந்தா காபி. சக்கரை போதுமா? …என்ன, சரி பண்ண முடியாதான்னா? ஏன் முடியாது? பின்னாடி அந்தப் பள்ளத்த மறுபடி தோண்டினாப் போதும், தண்ணி அங்க எறங்கிடும். ஜேசிபி விட்டா ஒரு நாள் வேலைன்னு பச்சையப்பனே சொல்லிட்டான். பிரச்சினை தோண்டறதுல இல்லம்மா. தோண்டினத எங்க கொண்டு போறதுங்கறதுதான்.

என்னது? அதுக்குன்னு எடம் இருக்கா? ரப்பீஸ மெஷின்ல போட்டு அரைச்சு, மணலாக்கி, ஜல்லியாக்கி, நடைபாதைக் கல்லு போடறாங்களா? நெஜமாவா? நீ அந்த வேலையிலயா இருக்க? அப்படி ஒரு எடம் இருக்குன்னு எங்கிட்ட யாருமே சொல்லலையேம்மா! தெரிஞ்சிருந்தா நான் ஏன்… ஏங்க, இங்க வாங்க, இந்தப் பொண்ணு சொல்றதக் கேளுங்க!

…என்னங்க சொல்றீங்க? நீங்க சொன்னீங்களா? எப்ப? மழை பேஞ்சுக்கிட்டு இருந்தப்பவேவா? …பேப்பர்ல வந்ததப் படிச்சுக் காட்டினாராம்மா. அவங்க எல்லாரும் இந்த ஹால்ல படுத்திருந்தப்ப. நான் காதுலயே வாங்கலையாம். இருக்கும். அப்ப நான் இருந்த கோவத்துல எதக் காதுல வாங்கினேன்!

அவங்களே வண்டி அனுப்பி அள்ளிக்கிட்டுப் போவாங்களா? ஏரிக்குப் போகாதா? நல்லாத் தெரியுமா உனக்கு? …நீ என்ன, அவங்க நம்பர் தரேங்கற, வீட்ட வாங்கறதுக்கு முன்னாடி தோண்டிக் குடுத்துடுங்கங்கற. நல்லா இருக்கே கதை! நேத்து வரைக்கும் நீ யாரு, நான் யாரு? உனக்காக நான் ஏம்மா தோண்டணும்? என் தம்பி மழையில நின்னு கேட்டான், அவனுக்கே தோண்டல நான்.

அவனுக்கே தோண்டல.

…இல்ல, ஒண்ணுமில்ல. நீ குடி. ஆறிடப் போகுது.

உங்கிட்ட அவன் நம்பர் இருக்கும்ல? ரங்கநாதன் குடுத்திருப்பானே. ஒரு தடவ போட்டுக் குடும்மா. என் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டான். ஸ்பீக்கர்ல போடு, எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம். அடிக்குதா? அடிக்குது, அடிக்குது.

தணிகா! நான்தான்டா. வெச்சுடாத. வீடு பாக்க ஒரு பொண்ணு வந்திருக்கு, அது போன்லேருந்துதான் பேசறேன். நல்ல பொண்ணு. காபி குடுத்து உக்கார வெச்சிருக்கேன். தண்ணி வரும்னு சொல்லிட்டேன்டா, மறைக்கக் கூடாதில்ல? ஏன்டா பேசாம இருக்க? உள்ளதத்தானே சொன்னேன்? பொங்கலுக்கு நீ வரல, நான் எதாவது கேட்டனா உன்ன? ஒரு வார்த்தை கேட்டனா? …தணிகா. டேய். இருக்கியா?

வெச்சுட்டான்.

பள்ளத்தப் பத்தித்தான்மா சொல்ல வந்தேன். சத்தியமா அதத்தான் சொல்ல வந்தேன். வாயில வேற வந்துடுச்சு. பக்கத்துலயே உக்காந்திருக்க, நீ கொஞ்சம் ஞாபகப்படுத்தக் கூடாதா?

வேணாம், மறுபடி போடாத. இனிமே உன் நம்பரையும் எடுக்க மாட்டான்.

குரல் கேட்டியா? "ஹலோ, யாருங்க பேசறது"ன்னான் பாரு, எவ்ளோ தெளிவு! தண்ணி வடிஞ்சப்புறமும் அந்த வீட்டு சுவரு காயவே இல்லம்மா. இங்கேருந்து கெளம்பற வரைக்கும் ஓயாத இருமல் அவனுக்கு. சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கற எனக்கே கேக்கும். மாத்திரை போட்டானா போடலையான்னு நெனச்சுக்கிட்டே கெடப்பேன். இப்ப ஒரு செருமல்கூட இல்ல. மாடி வீடாம், நல்ல காத்தாம், ரங்கநாதன் சொன்னான்.

அங்க நல்லாத்தான் இருக்கான் போல.